க்ரூயட்டுக்குத் தனிக் காசு

எங்க பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க. எண்பத்து மூணு வயசு, ஆனா இன்னைக்கும் லிப்ஸ்டிக் போடாம குப்பைத்தொட்டியைக் கூட வெளிய தள்ள வரமாட்டாங்க. பொறந்தது தென்கிழக்கு லண்டன்ல பெர்மண்ட்ஸி, அப்பா லண்டன் துறைமுகத்துல மூட்டை இறக்கினவரு. எப்பவாச்சும் வெயில் அடிச்சா வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்குவாங்க, நான் கடைக்குப் போய்ட்டு வரும்போது மாட்டினா அரை மணி நேரம் காலி. போன பிப்ரவரியில மார்கேட் வரைக்கும் போய்ட்டு வரப்போறேன்னு சொன்னேன். "பிப்ரவரியிலயா, பைத்தியமா டார்லின் உனக்கு"ன்னாங்க. அப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு, "அந்தப் பொம்பளை க்ரூயட்டுக்குத் தனியா காசு வாங்கினா தெரியுமா"ன்னு ஆரம்பிச்சாங்க.

எனக்கு க்ரூயட்டுன்னா என்னன்னே தெரியல. சாப்பாட்டு மேசையில உப்பு, மிளகுத்தூள், வினிகர் மூணையும் சேர்த்து வெச்சிருப்பாங்களே, அந்த ஸ்டாண்டு. அந்தக் காலத்துல மார்கேட்ல ஒரு வாரம் ரூம் எடுத்துத் தங்குனா, வீட்டுக்காரம்மா தர்ற கடைசி நாள் பில்லுல இது ஒரு வரி. உப்பு தொட்டுக்கிட்டதுக்கு வாடகை! பாட்டியோட அம்மா அதுக்காகவே வீட்டுலேர்ந்து ஒரு பொட்டலம் உப்பு மடிச்சு எடுத்துட்டுப் போவாங்களாம், ஆனாலும் அந்த வரி பில்லுல வந்துடுமாம். எழுபது வருஷம் ஆயிடுச்சு, இன்னும் அந்தக் கோபம் ஆறல.

மார்கேட் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். லண்டனுக்குக் கிழக்கால, கென்ட் கவுண்டியோட மூக்கு நுனியில, தானெட்டுன்னு ஒரு பகுதி. இப்ப வேகமான ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம். கிழக்குக் கடற்கரைன்னு தான் பேரு, ஆனா ஊர் வடக்கு, வடமேற்கைப் பாத்து உக்காந்திருக்கறதால சூரியன் கடல்லயே மறையும். மெரினா பாத்து வளந்தவனுக்கு இது முதல் தடவை பாக்கறப்ப கொஞ்சம் தலைகீழா இருக்கும். ஓவியர் டர்னர் இந்த ஊர் வானத்துக்காகவே திரும்பத் திரும்ப வந்தாருன்னு சொல்றாங்க. வானத்துக்காக மட்டும் இல்ல, அதைக் கடைசியில சொல்றேன்.

மார்கேட் பத்தி இங்க யாரைக் கேட்டாலும் ஒரே கதை தான். ஒரு காலத்துல ஓகோன்னு இருந்துச்சு, அப்புறம் எல்லாரும் ஸ்பெயினுக்குப் பறக்க ஆரம்பிச்சாங்க, ஊர் செத்துப்போச்சு, இப்ப ஆர்ட் கேலரி வந்து மறுபடி உயிர் வந்துடுச்சு. சரி தான், தப்புன்னு சொல்லல. ஆனா அந்த "ஒரு காலத்துல" எவ்ளோ சின்ன காலம்னு யாரும் கணக்குப் போடறதில்ல. லண்டன் பணக்காரங்க பதினெட்டாம் நூற்றாண்டுலயே இங்க குளிக்க வந்தாங்க, 1846-ல ரயில் வந்ததுலேர்ந்து நடுத்தர மக்களும் வந்தாங்க, அதெல்லாம் உண்மை. ஆனா எங்க பாட்டி மாதிரி மூட்டை தூக்கற வீட்டு ஆளுங்க ஒரு வாரம் முழுசா, சம்பளத்தோட, ரூம் எடுத்துத் தங்கினாங்களே, அந்தக் காலம் மிஞ்சிப்போனா இருபது வருஷம். யுத்தத்துக்காகக் கடற்கரையில போட்ட முள்வேலியை எடுத்ததுலேர்ந்து, ஸ்பெயினுக்கு சார்ட்டர் ஃப்ளைட் வர்ற வரைக்கும். அவ்ளோ தான்.

சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டம் வந்தது 1938-ல. அடுத்த வருஷம் செப்டம்பர்ல யுத்தம். லீவு கைக்கு வந்துச்சு, கடல் கைவிட்டுப்போச்சு. 1940 மே கடைசி, ஜூன் ஆரம்பத்துல, ஃப்ரான்ஸ்ல ஜெர்மன்காரன் வளைச்சுக்கிட்ட ஆர்மியை டன்கர்க் கடற்கரைலேர்ந்து கப்பல்ல அள்ளிட்டு வந்தாங்க இல்ல, அப்ப டோவர் துறைமுகத்துக்கு மட்டும் தான் வந்தாங்கன்னு நான் ரொம்ப நாளா நெனைச்சிட்டிருந்தேன். மார்கேட்ல மட்டும் 46,000 பேருக்கு மேல எறங்கியிருக்காங்க. ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு காத்து வாங்கற இரும்புப் பாலத்துல, எண்ணெய் ஊறின சட்டையோட, சில பேரு பூட்ஸ் கூட இல்லாம. ஊர்க்காரங்க டீயும் ரொட்டியும் குடுத்திருக்காங்க, ஸ்டேஷன்லேர்ந்து ஸ்பெஷல் ட்ரெயின் மேல ட்ரெயினா ஏத்தி அனுப்பியிருக்காங்க. மார்கேட் லைஃப்போட் கூட டன்கர்க் மணல் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு.

அந்த இரும்புப் பாலத்தை ஊர்ல 'ஜெட்டி'ன்னு சொல்லுவாங்க. ஹார்பரைச் சுத்தி இருக்கற கல்லுக் கட்டைக்குப் பேரு 'பியர்'. மத்த ஊர்லயெல்லாம் இரும்புல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கறது தான் பியர், இங்க மட்டும் உல்டா. இது தெரியாம பழைய ஃபோட்டோ கேப்ஷன் எல்லாம் படிச்சு நான் ரெண்டு நாள் கொழம்பினேன்.

டன்கர்க் போன கப்பல்கள்ல ஒண்ணு ராயல் டாஃபடில். 1939-ல கட்டின பிக்னிக் கப்பல், தேம்ஸ் நதி வழியா லண்டன்காரங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே செஞ்சது. ஒரு ட்ரிப்புல அது மேல குண்டு விழுந்து டெக்கு டெக்கா ஓட்டை போட்டுட்டு பக்கவாட்டுல வெளிய போய் வெடிச்சுது. தண்ணி ஏற ஆரம்பிச்சதும், கப்பல்ல அசைக்க முடிஞ்ச சாமான் எல்லாத்தையும் எதிர்ப்பக்கம் தள்ளி, கப்பலைச் சாய்ச்சு, ஓட்டை தண்ணிக்கு மேல வர்ற மாதிரி பண்ணி, மெத்தையையும் பலகையையும் வெச்சு அடைச்சுக் கொண்டு வந்து சேத்துட்டாங்க. யுத்தம் முடிஞ்சப்புறம் அதே கப்பல் திரும்பவும் பிக்னிக் வேலைக்கு வந்துடுச்சு. பாட்டி சின்னப் பொண்ணா இருக்கறப்ப ரெண்டு தடவை அதுல போயிருக்காங்க. குண்டு விழுந்த கதையைச் சொன்னேன், "அப்படியா, எனக்கு அதுல அப்பா வாந்தி எடுத்தது தான் ஞாபகம் இருக்கு"ன்னுட்டாங்க.

ஜெர்மன்காரன் எறங்கப் போறான்னு பயந்து 1940 கோடையில கடற்கரை பூரா முள்வேலி, கண்ணிவெடி. ஸ்கூல் பசங்களை ட்ரெயின் ஏத்தி தூரமா ஸ்டாஃபர்ட்ஷயருக்கு அனுப்பிட்டாங்க. ஹோட்டல் எல்லாம் காலி. லீவுக்கு வர்றவங்களை நம்பியே பொழைக்கற ஊருக்கு லீவு மொத்தமா நின்னுபோனா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. வின்டர் கார்டன்ஸ்னு பெரிய அரங்கு, அதுவும் 1941-ல சேதமாகி மூடிட்டாங்க. 1946-ல தான் திரும்பத் திறந்தாங்க. ட்ரீம்லேண்ட்ங்கற ராட்டினப் பார்க்கும் அதே வருஷம்.

அதுக்கப்புறம் தான் அந்த இருபது வருஷம்.

பாட்டி சொல்றது 1950 சுமாருக்கு. அவங்க தெருவுல அது வரைக்கும் லீவுன்னா செப்டம்பர்ல கென்ட் தோட்டத்துக்கு ஹாப்ஸ் பறிக்கப் போறது தான். பீருக்குப் போடற அந்தப் பூக்காயை குடும்பத்தோட போய்ப் பறிச்சு, தகரக் கொட்டாய்ல வைக்கோல் மேல படுத்து, கூலியும் வாங்கிட்டு வர்றது. காத்தோட்டமா இருக்கும், காசும் கெடைக்கும், ஆனா அது லீவா? பாட்டியோட அம்மா, "நான் வேலை செய்யாம உக்காந்திருக்கற எடம் வேணும்"னு ஒரு வருஷம் கண்டிப்பா சொல்லிட்டாங்களாம். அப்படித்தான் மார்கேட்.

லண்டன் விக்டோரியா ஸ்டேஷன்லேர்ந்து நீராவி ட்ரெயின். ஒரு ரூம்ல அஞ்சு பேர், பெரிய கட்டில்ல நாலு, தரையில ஒண்ணு. வீட்டுக்காரம்மாவை 'லேண்ட்லேடி'ன்னு சொல்லுவாங்க, நம்ம ஊர் வீட்டு ஓனர் மாதிரி நெனைச்சுக்காதீங்க, இவங்க சமையல்காரம்மா, வார்டன், போலீஸ் மூணும் சேந்தவங்க. காலையில டிபன் முடிஞ்சதும் வெளிய போயிடணும். சாயங்காலம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் கதவு திறக்காது. மழை பெஞ்சாலும் சரி. ஷூவுல மணலோட மாடி ஏறக்கூடாது. குளிக்கத் தனிக் காசு, அதனால யாரும் குளிக்கறதில்ல, கடல்ல தான் குளிச்சாச்சேன்னு சமாதானம். ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தா தட்டிக்கிட்டே நிக்க வேண்டியது தான்.

மழை நாள்ல எங்க போவீங்கன்னு கேட்டேன். ஷெல்டர்ல தான்னாங்க. கடற்கரை ஓரமா விக்டோரியா காலத்து மரக் கூரை போட்ட ஷெல்டர்கள், நாலு பக்கமும் பெஞ்சு. குடும்பம் குடும்பமா மழைக்கோட்டோட அதுல உக்காந்து, ஃப்ளாஸ்க் டீ ஊத்திக் குடிச்சுக்கிட்டு, சாயங்காலம் ஆகுமான்னு கடலையே பாத்துட்டிருப்பாங்களாம். ஸ்டேஷன் பக்கத்துல நேலண்ட் ராக் ஷெல்டர் இன்னும் நிக்குது. 1921-ல கவிஞர் டி. எஸ். எலியட் உடம்பு முடியாம வந்தப்ப அங்க உக்காந்து தான் எழுதினாருன்னு இப்ப அதைப் பாதுகாக்கறாங்க. எலியட் உக்காந்தது ஒரு சீசன், லண்டன் குடும்பங்க உக்காந்தது இருபது சீசன், ஆனா போர்டு அவருக்குத் தான். நானும் உக்காந்து பாத்தேன். பிப்ரவரி காத்து பல்லுக்குள்ள போகுது, கையில சிப்ஸ் பொட்டலம், ஒரு நிமிஷம் ஃபோனைப் பாத்தேன், கடற்காக்கா ஒண்ணு வந்து நல்ல பெரிய துண்டாப் பாத்து எடுத்துட்டுப் போயிடுச்சு. ஷெல்டர்ல இருந்த ஒரு பெரியவரு சிரிச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

1953 ஜனவரி 31 ராத்திரி கடல் பொங்கினதை இங்க கிழக்குக் கரை முழுக்க இன்னும் பேசுவாங்க. வடக்கடல்ல புயல், பெரிய அலையேத்தம், ரெண்டும் சேந்து இங்கிலாந்துல மட்டும் 307 பேர் செத்தாங்க, எதிர்க்கரையில நெதர்லாந்துல 1,800-க்கு மேல. மார்கேட்ல கல்லுக் கட்டை நுனியில நின்ன கலங்கரை விளக்கம் அடியோட சாஞ்சு விழுந்துடுச்சு. இப்ப இருக்கறது 1955-ல புதுசாக் கட்டினது. விசேஷம் என்னன்னா, அந்த வெள்ளம் வந்து நாலே நாள்ல, பிப்ரவரி 5, மிட்டாய் மேல இருந்த ரேஷனை எடுத்தாங்க. யுத்தம் முடிஞ்சு எட்டு வருஷம் ஆகப்போற நேரம். பாட்டிக்கு அப்ப பதினொண்ணு வயசு. வெள்ளம் ஞாபகம் இல்ல, மிட்டாய் ஞாபகம் இருக்கு. பிடிச்சதை வேணுங்கற அளவு வாங்கலாம்ங்கறதே நம்ப முடியலையாம், கடை வாசல்ல க்யூ.

அந்தக் கோடையில தான் அவங்க முதல் தடவையா ஒரு முழு 'ராக்' தனக்குன்னு வாங்கினாங்க. ராக்னா கடற்கரை ஊர்கள்ல விக்கற கெட்டி மிட்டாய்க் குச்சி, வெளிய ரோஸ், உள்ள வெள்ளை, எங்க கடிச்சாலும் ஊர் பேரு தெரியும். நான் அதை அச்சுக் குத்தறாங்கன்னு தான் நெனைச்சேன். இல்ல. சூடான சர்க்கரைப் பாகைச் சிவப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா அடுக்கி, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பெரிய உருட்டுக் கட்டை மாதிரி செஞ்சு, எல்லாத்தையும் வட்டமா நிக்கவெச்சு, நடுவுல வெள்ளை மிட்டாயை நெரப்பி, மேல ரோஸ் போர்வை சுத்தி, ஆள் தூக்க முடியாத அந்த உருளையை உருட்டி உருட்டி இழுப்பாங்க. விரல் கனத்துக்கு வர்ற வரைக்கும். நம்ம ஊர்ல மூங்கில் கம்புல சவ்வு மிட்டாய் இழுத்து வாட்ச் கட்டிவிடுவாங்களே, அந்த இழுவை தான், ஆனா உள்ள எழுத்தோட. எழுத்தும் கூடவே மெலிஞ்சு மெலிஞ்சு வரும், ஆனா உடையாது.

ட்ரீம்லேண்ட் பத்தி சொல்லாம மார்கேட் இல்ல. 1920-ல கட்டின சீனிக் ரயில்வே, முழுக்க மரத்துல செஞ்ச ரோலர் கோஸ்டர். 2016 கோடையில நான் ஒரு தடவை ஏறியிருக்கேன். தண்டவாளத்துல ப்ரேக் கெடையாது, வண்டியிலயே ஒரு ஆள் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கூடவே வர்றாரு, அவரு கையில தான் நம்ம உசுரு. எறக்கத்துல விடுவாரு, திருப்பத்துல இழுத்துப் பிடிப்பாரு. அந்தப் பையனுக்கு இருபது வயசு இருக்கும், ஒரு கையால லீவர், இன்னொரு கையால மூக்கைச் சொரிஞ்சுக்கிட்டே வந்தான். நான் கத்தின கத்துல தொண்டை கட்டிடுச்சு. 2008-ல எவனோ வெச்ச தீயில பெரிய பகுதி எரிஞ்சு, சரி பண்ணி 2015-ல ஓட விட்டாங்க. இந்தத் தடவை பிப்ரவரிங்கறதால பூட்டித்தான் இருந்துச்சு, கம்பி வேலி இடுக்கு வழியா மரச்சட்டத்தை மட்டும் பாத்துட்டு வந்தேன்.

அந்தக் காலத்துல லண்டன் பப்புலேர்ந்து 'பீனோ'ன்னு ஒரு நாள் ஜாலி ட்ரிப் வருவாங்க. வருஷம் பூரா வாரா வாரம் கொஞ்சம் காசு சேத்து, ஒரு நாள் டூரிஸ்ட் பஸ் பிடிச்சு, பஸ்ல பீர் பெட்டி ஏத்திக்கிட்டு, வழியில நிறுத்தி நிறுத்தி, மார்கேட் வந்து சேரும்போது பாதிப் பேருக்குக் கடல் எந்தப் பக்கம்னே தெரியாது. லேண்ட்லேடிகளுக்கு இவங்களைக் கண்டாலே ஆகாது. தங்க மாட்டாங்க, காசு பப்புக்கும் ட்ரீம்லேண்டுக்கும் தான் போகும்.

இங்க தான் எனக்கு ஒரு சந்தேகம். ஸ்பெயின் தான் மார்கேட்டைக் கொன்னுச்சுங்கறாங்க. ஆனா ஒரு வாரத் தங்கலை முதல்ல அரிச்சது ஒரு நாள் பயணம் தான்னு நெனைக்கறேன். 1959 ஜூன்ல லண்டன்லேர்ந்து இந்தப் பக்கம் மின்சார ட்ரெயின் வந்துடுச்சு, அடிக்கடி வண்டி, வேகமும் கூட. தெருவுக்கு ரெண்டு பேர் கார் வாங்க ஆரம்பிச்சாங்க. காலையில வந்து ராத்திரி வீட்டுக்குப் போய் சொந்தக் கட்டில்ல படுக்கலாம்னா எவன் க்ரூயட்டுக்குக் காசு குடுப்பான்? ராயல் டாஃபடிலும் 1966 சீசனோட முடிஞ்சுது, அடுத்த வருஷம் உடைக்க அனுப்பிட்டாங்க. ஸ்பெயின் வந்து அடிச்சப்ப ஊருக்கு ஏற்கனவே கால் மரத்துப்போயிருந்துச்சு.

ஆனா வெளியிலேர்ந்து பாத்தா அறுபதுகள் ஆரம்பத்துல ஒரு அறிகுறியும் தெரியாது. 1963 ஜூலையில பீட்டில்ஸ் வின்டர் கார்டன்ஸ்ல தொடர்ந்து ஆறு நாள் வாசிச்சாங்க, 8-லேர்ந்து 13 வரைக்கும். ஒரே ஊர்ல ஆறு நாள்! ஸ்டேஷன் பக்கத்துலயே ஆர்லிங்டன் ஹவுஸ்னு 18 மாடி கான்க்ரீட் டவர் எழுந்துச்சு, பக்கச் சுவர் அலை அலையா மடிச்சு, வீடுகளுக்குக் கடல் தெரியற மாதிரி. ஊர்ல பாதிப் பேருக்கு அது அசிங்கம், எனக்குப் பிடிச்சிருக்கு. சாயங்கால வெளிச்சத்துல அந்த மடிப்பு ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் விழும். செத்துக்கிட்டிருக்கற ஊருன்னு தெரிஞ்சா யாராச்சும் 18 மாடி கட்டுவாங்களா?

அப்புறம் 1964 மே, விட்சன்ங்கற கிறிஸ்தவப் பண்டிகை லீவு. மாட்ஸ், ராக்கர்ஸ் சண்டை. ஸ்கூட்டர்ல கோட்டு சூட்டுப் பசங்க ஒரு பக்கம், மோட்டார் பைக்ல லெதர் ஜாக்கெட் பசங்க இன்னொரு பக்கம், மணல்ல டெக் சேர் பறக்குது. மார்கேட் மாஜிஸ்ட்ரேட் டாக்டர் ஜார்ஜ் சிம்ப்ஸன் கோர்ட்ல அவங்களை 'மரத்தூள் சீசர்கள்'னு, அதாவது உள்ள ஒண்ணுமில்லாத வெத்து ராஜாக்கள்னு, திட்டினது எல்லா பேப்பர்லயும் தலைப்பு. ஒரு பையன் 75 பவுண்ட் ஃபைனை செக்கா எழுதித் தர்றேன்னான், பாரு இந்தக் காலத்துப் பசங்க திமிரைன்னு நாடே கொதிச்சுது. அவனுக்கு பேங்க் அக்கவுண்ட்டே கெடையாது, சும்மா நக்கலுக்குச் சொன்னது. ஸ்டான்லி கோஹன்ங்கற சமூகவியலாளர் பின்னாடி இதையெல்லாம் தோண்டி ஆராஞ்சாரு, பேப்பர்கள் ஊதினதுக்கும் நடந்ததுக்கும் உள்ள தூரத்தைப் பத்தி. பாட்டியோட தம்பியும் அன்னைக்கு லாம்ப்ரெட்டாவுல போயிருந்தாராம். என்ன நடந்துச்சுன்னு கேட்டதுக்கு, "நாள் பூரா கூட்டத்தோட இந்தப் பக்கம் நடந்தோம், அந்தப் பக்கம் நடந்தோம், ஏதாவது நடக்கும்னு பாத்தோம், வெயில்ல மூக்கு உரிஞ்சுது"ன்னாராம். ஆனா பேப்பர் பாத்த குடும்பங்க அடுத்த வருஷம் யோசிக்கும் இல்லையா.

பாட்டியே 1967-ல ஸ்பெயின் போய்ட்டாங்க, கல்யாணம் ஆன புதுசு. அப்ப வெளிநாட்டுல செலவழிக்க ஆளுக்கு 50 பவுண்டுக்கு மேல எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு ரூல், 1966 கடைசியிலேர்ந்து 1970 வரைக்கும் இருந்துச்சு. ஹேண்ட்பேக் லைனிங்கைப் பிரிச்சு உள்ள மூணு அஞ்சு பவுண்ட் நோட்டு வெச்சுத் தெச்சுக்கிட்டுப் போனதை இப்பவும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்றாங்க, யாரோ வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாங்கங்கற மாதிரி. "அங்க பகல்லயும் ரூம்ல இருக்கலாம்னு சொன்னாங்க. முதல் நாள் மதியம் நாங்க பயந்து பயந்து கட்டில்ல உக்காந்திருந்தோம், யாராச்சும் வந்து வெளிய போன்னு சொல்லப்போறாங்கன்னு." நான் கேட்ட மார்கேட் கதையிலயே எனக்கு இது தான் ரொம்பப் பிடிச்சது, அது நடந்தது ஸ்பெயின்ல.

மிச்சத்தை சுருக்கமா சொல்லிடறேன், எனக்கே அதுல ஆர்வம் கம்மி. பெரிய லாட்ஜிங் வீடுகள் எல்லாம் அறை அறையா பிரிஞ்சு, வேற வழியில்லாதவங்க வருஷம் பூரா தங்கற எடமா ஆச்சு, முக்கியமா மார்கேட்டை ஒட்டின க்ளிஃப்டன்வில் பக்கம். 1978 ஜனவரி 11 புயல்ல ஜெட்டி நொறுங்குச்சு. 2011-ல ஹார்பர் ஓரமா டர்னர் கன்டெம்பரரி கேலரி திறந்தாங்க, லண்டன்லேர்ந்து தாடி வெச்ச பசங்க காபிக்கடை போட வந்தாங்க.

கேலரி நிக்கற எடத்துல தான் டர்னர் தங்கின லாட்ஜிங் வீடு இருந்துச்சு. நடத்தினவங்க மிஸஸ் சோஃபியா பூத், விதவை. டர்னர் வாடகைக்கு வந்தாரு, வந்தவரு கடைசி வரைக்கும் அவங்களோடயே வாழ்ந்துட்டாரு. இப்ப கல்லுக் கட்டை நுனியில, அந்தக் கலங்கரை விளக்கம் பக்கத்துல, அந்தம்மாவுக்கு ஒரு சிலை இருக்கு. கடற்கரையில விக்குமே சிப்பி ஒட்டின பொம்மை, அதைப் பெருசாக்கின மாதிரி. தொப்பி, நீளப் பாவாடை. நான் போனப்ப அடிச்ச காத்துல நிமிர்ந்து நிக்க முடியல, சிலையோட பாவாடை மறைவுல ஒதுங்கித்தான் ரெண்டு ஃபோட்டோ எடுத்தேன்.

திரும்பி வந்து பாட்டிக்கு ஃபோட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, ஃபோனை மூக்குகிட்ட வெச்சுப் பாத்தாங்க.

"யாரு இது, ராணியா?"

"இல்ல, லேண்ட்லேடி."

"லேண்ட்லேடிக்கா சிலை?" ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. வாங்கிட்டு வந்த ராக்கைக் குடுத்தேன், பல்செட்டுக்கு ஆகாதுன்னு தெரியும், சும்மா இருக்கட்டும்னு தான். காகிதத்தைப் பிரிச்சு, நுனியைத் திருப்பி எழுத்து உள்ள வரைக்கும் போகுதான்னு செக் பண்ணாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இவளும் க்ரூயட்டுக்குக் காசு வாங்கியிருப்பா, எழுதி வெச்சுக்கோ"ன்னாங்க.